ஜெர்சியின் முதுகில் யார் படம்?

திருப்பூரில் நான் டிசைனராக வேலை பார்க்கும் பிரிண்டிங் பட்டறைக்கு இரண்டு வகை ஆர்டர் ஓயாமல் வரும். ஒன்று கட்சிக்காரர்களின் டி-சர்ட், இன்னொன்று விளையாட்டு டீம்களின் ஜெர்சி. பில்லில்தான் இரண்டும் வேறு வேறு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பல நாள் வித்தியாசமே தெரியாது. கபடி டீம் ஜெர்சி என்றால் முன்னால் ஊர்ப்பெயர், முதுகில் நம்பர், நம்பருக்கு மேலே உபயதாரர் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அவர் படம், கைப்பகுதியில் அவருடைய தலைவர் படம். நம்பரை விடப் படம் பெரிதாக இருக்க வேண்டும். "அம்பயருக்கு நம்பர் தெரிய வேண்டாமுங்களா?" என்று கேட்டால், "நெம்பரு கெடக்குது தம்பி, அண்ணன் மொகம் எச்சாத் தெரியோணும்" என்று பதில் வரும்.

இந்த வேலையில் இருந்துகொண்டு, டிவியில் யாராவது "விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கலக்காமல் எங்கே இருந்தது? எங்கள் பக்கத்து ஆட்டக்காரனின் பனியனில், பரிசுப் பணத்தில், சர்டிஃபிகேட்டில், கிடைத்தால் அவன் வேலையில், எல்லாவற்றிலும் அரசியல் உண்டு. அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. அந்த ஆட்டக்காரன் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னால் மட்டும்தான் இந்த விதி எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

நானும் ஆடியவன்தான். லெஃப்ட் கார்னர். பெரிய ஆட்டக்காரன் என்று என்னை யாரும் சொன்னதில்லை, ஆனால் சென்னிமலைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் டீம் போகாத ஊர் குறைவு. காங்கயம், பெருந்துறை, அரச்சலூர், வெள்ளகோவில் என்று நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டியிருக்கும் ஊர்களிலெல்லாம் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அந்த நோட்டீஸை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எத்தனை டீம், எந்த எடைப் பிரிவு, எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதெல்லாம் அடியில் நாலு வரி. மேலே முக்கால் பக்கமும் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை உபயம், மின்விளக்கு உபயம், ஒலிபெருக்கி உபயம். பெயர்களின் வரிசையைப் பார்த்தே அந்த ஒன்றியத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். போன வருடம் முதல் பரிசு கொடுத்தவர் இந்த வருடம் மூன்றாம் பரிசுக்கு இறங்கியிருந்தால், கட்சிக்குள் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் இப்படி என்றால், ஊர்க் கபடிக்கு டிக்கெட் கிடையாது. மேட் வாடகை, லைட், ஜெனரேட்டர், அம்பயர் படி, வெளியூர் டீமுக்குச் சாப்பாடு எல்லாம் யாரோ கொடுக்க வேண்டும். திரட்டிக் காட்ட ஆட்டத்திடம் இருப்பது கூட்டம் ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்கு ஆயிரம் பேரை ஒரே இடத்தில் உட்கார வைக்கிற வித்தை கோயில் நோம்பிக்கும் கபடிக்கும்தான் உண்டு. அந்தக் கூட்டம் யாருக்கு வேண்டும்? ஓட்டுக் கேட்கிறவருக்கு. அடுத்தபடியாக ஃபைனான்ஸ் வைத்திருப்பவருக்கும் சைட் போட்டு விற்பவருக்கும். பல ஊரில் இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்.

இதில் ஆட்டக்காரன் உடம்பால் கொடுக்கிற விலை ஒன்று உண்டு, அதை மேடையில் இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை. அரை இறுதி சூடாக நடந்துகொண்டிருக்கும்போது மைக்கில் "அண்ணன் வந்துகொண்டிருக்கிறார்" என்பார்கள். ஆட்டம் நிற்கும். அண்ணன் இன்னும் மூன்று ஊர் தள்ளித்தான் இருப்பார். அவர் வந்து, சால்வை மாற்றி, டீமோடு வரிசையாகக் கைகுலுக்கி, போட்டோ எடுத்து, இளைஞர்களுக்கும் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி விளக்கிவிட்டுப் போவதற்குள் வியர்வை காய்ந்து தொடை இறுகிப் போயிருக்கும். அதற்கப்புறம் எழுந்து கபடி பாடப் போனால் முதல் ரெய்டிலேயே பின்தொடை பிடித்துக்கொள்ளும். எங்கள் டீமின் மெயின் ரெய்டர் அப்படித்தான் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தான். அண்ணன் பின்னால் சேர்மன் ஆனார்.

சாதியைச் சொல்லாமல் எங்கள் பக்கத்து விளையாட்டைப் பற்றி எழுதினால் அது பொய்க் கட்டுரை. ஒரே ஊரில் ஊர் டீம் தனி, காலனி டீம் தனி. சீட்டுப் போடும்போது இரண்டும் எதிரெதிர்ப் பாதியில் வருகிற மாதிரி கமிட்டி பார்த்துக்கொள்ளும், "எதுக்குங் வம்பு" என்று. போலீஸில் அனுமதி வாங்கப் போனால் கட்சிக் கொடி, சாதித் தலைவர் படம், பாட்டு எதுவும் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போய் அனுமதி வாங்கினாலும் அதே நிபந்தனைதான். சரி, நோட்டீஸில் போட மாட்டார்கள். ஜெர்சியில் நிறமாக வரும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் யாருடைய டீம் என்று எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூட ஒரே மாதத்தில் தெரிந்துவிடுகிறது.

இதெல்லாம் வெளியே தெரிகிற அரசியல். தெரியாத அரசியல் ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்கள் ராத்திரி வேனில் திரும்பி வரும்போது பேசுவது முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஃபார்ம் டூ.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினியரிங் கலந்தாய்வில், போலீஸ் தேர்வில், ரயில்வேயில் எல்லாம் தனித்தனியாக உண்டு. எங்கள் பக்கத்துப் பையன்கள் முட்டி தேயத் தேய ஆடுவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய ஆட்டத் திறமை மட்டும் போதாது. நாட்டுக்காக ஆடினால் ஒன்றாம் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் இரண்டாம் படிவம், அதாவது ஃபார்ம் டூ என்று கையெழுத்திட்ட சான்று வேண்டும். கையெழுத்துப் போடுவது சங்கம். அந்தச் சங்கம் அங்கீகாரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். இந்தியாவில் விளையாட்டுச் சங்கத் தலைவர்கள் பலர் கட்சிக்காரர்கள் அல்லது கட்சிக்காரர்களுக்கு வேண்டியவர்கள். சங்கத்துக்குள் சண்டை வந்தால் சங்கம் இரண்டாகும். இரண்டு பேரும் மாவட்டத் தேர்வு நடத்துவார்கள். எந்தத் தேர்வுக்குப் போவது?

கபடிக்கு மேலே டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்துக்கு 1984 முதல் 2013 வரை ஒரே தலைவர், ராஜஸ்தான் காங்கிரஸ் அரசியல்வாதி ஜனார்தன் சிங் கெலாட். அவருக்கு அப்புறம் தலைவர் ஆனவர் அவர் மனைவி. முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நிர்வாகத்தை விலக்கி, நிர்வாகி ஒருவரை நியமித்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. 1990 இல் கபடி ஆசியப் போட்டிக்குள் வந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் தங்கம் வென்ற ஆண்கள் அணி, அரை இறுதியில் ஈரானிடம் 27-18 என்று தோற்றது. கோர்ட்டால் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன், ஈரான் நன்றாக ஆடியது. ஆனால் அணித் தேர்வே நியாயமாக நடந்ததா என்ற கேள்வி கோர்ட் வரை போன ஆட்டம் இது. வழக்கு எத்தனை வருடம் இழுத்தது என்றால், 2025 பிப்ரவரியில் ஈரானில் நடக்கவிருந்த ஆசிய சாம்பியன்ஷிப்புக்கு அணியை அனுப்பவே உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

அந்த இழுபறி கீழே எங்கள் ஊர் வரைக்கும் வரும். என் நண்பன் ஒருவன், இடது பக்கம் கவர், நல்ல உயரம், பிடித்தால் விடமாட்டான். போட்டிச் சங்கங்களில் ஒன்று நடத்திய தேர்வில் ஆடி, சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருந்தான். சரிபார்ப்பில் அது செல்லாது என்றார்கள். இன்னொரு தரப்பிடம் போனால், "நீங்க அவிய ஆளாச்சுங்களே" என்றார்கள். அவன் யார் ஆளும் இல்லை. அவன் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நிர்வாகி வந்திருந்தார், அவ்வளவுதான். அப்புறம் வயது கடந்துவிட்டது. இப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேன் ஓட்டுகிறான். கபடி பார்க்க வா என்று கூப்பிட்டால் வருவதில்லை.

மேலே வந்துவிட்ட ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கதை வேறா? சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். முதலமைச்சர் ஜெயலலிதா உடனே 2 கோடி ரூபாய் அறிவித்தார். டோக்கியோவில் வெள்ளி வாங்கியபோது முதலமைச்சர் ஸ்டாலின், அவரும் 2 கோடி அறிவித்தார். மாநில அரசு வேலைக்கான ஆணை அவர் கைக்கு வந்தது 2021 இல், இரண்டாவது பதக்கத்துக்குப் பிறகு, ஆட்சி மாறிய பிறகு, கரூர் டி.என்.பி.எல். காகித நிறுவனத்தில். நடுவில் ஐந்து வருடம். பரிசுப் பணம் அறிவிக்க ஒரு நாள் போதும், அது தலைப்புச் செய்தி. வேலை ஒரு கோப்பு, அது மேசை மேசையாக நகர வேண்டும். 2024 பாரிஸிலும் வெண்கலம் வாங்கிக் காட்டினார் மனிதர். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். எந்த ஆட்சி இருந்தாலும் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன் 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது ஊர் அவரைக் குதிரை ரதத்தில் ஏற்றி அழைத்துப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஊர்க்காரர்களின் சொந்தச் சந்தோஷம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாட்காட்டியையும் பாருங்கள்: சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சேலத்துக்காரர். அந்த வாரம் எங்கள் பக்கம் கண்ணில் பட்ட வாழ்த்து ஃபிளெக்ஸ்களில் பந்து போட்டவரைவிட வாழ்த்தியவர்தான் பெரிதாக இருந்தார். எனக்கு நடராஜனிடம் பிடித்தது அதற்கப்புறம் அவர் செய்தது. தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 இல் அதைத் திறந்துவைத்தது அவரோடு ஆடிய தினேஷ் கார்த்திக்.

மைதானம், உபகரணம் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அ.தி.மு.க. ஆட்சியில் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம், 2024 இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம். இரண்டிலும் ஊராட்சிக்குப் பந்தும் மட்டையும் வரும், பையில் பெயர் மாறும். வாழப்பாடி கிரிக்கெட் மைதானம் 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி திறந்தது. கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் என்பது 2024 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தில் ஸ்டாலின் கொடுத்த வாக்குறுதி, அதற்கு ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலத்தைப் பார்த்தார்கள். ஓட்டுக்காகவே வந்தாலும் மைதானம் மைதானம்தான், வரட்டும்.

பேச்சுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில், முதலமைச்சர் நாற்காலிக்காகத் தமிழ்நாட்டில் பெரிய இழுபறி நடந்துகொண்டிருந்த சமயம், அஸ்வின் ட்விட்டரில் ஒரு வரி போட்டார்: தமிழக இளைஞர்களுக்கு விரைவில் 234 வேலைவாய்ப்புகள் வரப்போகின்றன என்று. சட்டமன்றத்தில் எத்தனை தொகுதி என்று தெரிந்த எல்லோரும் சிரித்தோம். சத்தம் அதிகமானதும் இது வேலைவாய்ப்பைப் பற்றித்தான், அரசியல் இல்லை என்று அவரே விளக்கம் கொடுத்தார். இத்தனைக்கும் அவர் உலகத்தின் முதல் வரிசைப் பந்துவீச்சாளர். அவருக்கே இந்த நிலை. 2025 ஜனவரியில், ஓய்வு அறிவித்த பிறகு, ஒரு கல்லூரி விழாவில் இந்தி தேசிய மொழி இல்லை, அலுவல் மொழி என்றார். அரசியல் சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னார். அதற்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

அதே ஆட்டக்காரர்கள் கூட்டாகப் பேசினால் பிரச்சினை இல்லை. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தைப் பற்றி வெளிநாட்டுப் பாடகி ஒருவர் எழுதியதும், இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் பலர் ஏறக்குறைய ஒரே மாதிரி வாசகத்தில் ஒற்றுமையைப் பற்றி எழுதினார்கள். வழக்கமாக இந்த விதியைச் சொல்கிறவர்கள் அப்போது விளையாட்டில் அரசியல் என்று கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் பாகிஸ்தான் வீரர்களோடு கைகுலுக்காமல் இந்திய அணி போனது. ஜெயித்த கோப்பையையும் பாகிஸ்தான் உள்துறை அமைச்சர் கையால் வாங்க மறுத்தார்கள். சரியா தப்பா என்று நான் இங்கே சண்டை போட வரவில்லை. அது அரசியலா இல்லையா என்று மட்டும் கேட்கிறேன்.

மல்யுத்த வீராங்கனைகள் விஷயம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி பட்டது. 2023 மே 28. தமிழ்ச் சேனல்களில் புது நாடாளுமன்றமும் திருவாவடுதுறை ஆதீனமும் செங்கோலும். போனில், அதே டெல்லியில் வினேஷ் போகட்டையும் சாக்‌ஷி மாலிக்கையும் போலீஸ் ரோட்டில் போட்டு இழுக்கிற வீடியோ. மல்யுத்தச் சம்மேளனத் தலைவராக இருந்த ஆளுங்கட்சி எம்.பி. மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்துவிட்டு வீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். எங்கள் ஊரில் பெண்கள் கபடி டீம் ஒன்று உண்டு. அந்த வீடியோவைப் பார்த்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, ஒலிம்பிக் மெடல் வாங்குனவியளுக்கே இப்படீன்னா, எங்களாட்ட ஆளு புகார் சொன்னா ஃபார்ம் டூல யாருங் கையெழுத்துப் போடுவாங்க?"

அவளுக்கு டெல்லி அரசியல் எதுவும் தெரியாது. ஆனால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சரியாகத் தொட்டுவிட்டாள்.

அதற்காக எல்லாத் தப்பும் டெல்லியில் நடப்பதாக நாமும் சொல்லிக்கொள்ள முடியாது. 2012 செப்டம்பரில் சென்னைக்கு நட்பு ஆட்டம் ஆட வந்த இலங்கைப் பள்ளிக் கால்பந்துப் பையன்களைத் தமிழக அரசு திருப்பி அனுப்பியது. மைதானத்தை அனுமதித்த அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். 2013 இல் சென்னையில் நடக்க வேண்டிய ஆசியத் தடகளப் போட்டி, இலங்கை வீரர்கள் வருவார்கள் என்பதால் மறுக்கப்பட்டுப் புனேவுக்குப் போனது. 2009 இல் நடந்ததை நினைத்தால் அந்தக் கோபம் எனக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. ஆனால் ராஜபக்சே மேல் இருந்த கோபத்தை ஸ்கூல் பையன்களின் பந்தில் காட்டியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பட்டறையில் செக்கிங்கில் ஒரு அக்கா இருக்கிறார். கோத்தகிரிக்காரர். 1964 சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தால் கண்டித் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். முத்தையா முரளிதரன் என்றால் அவருக்கு உயிர். முரளியும் மலையகத் தோட்டத் தமிழர் வழிவந்தவர். 1977 கலவரத்தில் கண்டியில் அவர் அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலையைக் கொளுத்தினார்கள். 2020 இல் அவரைப் பற்றிய படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதற்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பி, அவர் விலகிக்கொண்டார். போரைப் பற்றி முரளி பேசியது எனக்கும் கசப்புத்தான், அதை அக்காவிடம் சொன்னேன். அவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவுங்க அப்பா ஃபேக்டரிய எரிச்சப்ப இங்க யாரு தம்பி கேட்டாங்க?" என்றார். எண்ணூறு விக்கெட் எடுத்தவரிடம், இரண்டு பக்கமும் கேட்டது நீ யார் ஆள் என்பதுதான். வேன் ஓட்டுகிற என் நண்பனிடம் கேட்ட அதே கேள்வி.

ஒன்று கவனித்தீர்களா? அரியானாவில் வினேஷ் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். ஹாக்கி ஆடிய சந்தீப் சிங் அங்கே அமைச்சராகவே இருந்தார். பஞ்சாபில் இன்னொரு ஹாக்கிக்காரர் பர்கத் சிங், ராஜஸ்தானில் துப்பாக்கி சுடும் ரத்தோர், வங்காளத்தில் கிரிக்கெட் ஆடிய யூசுப் பதான். தமிழ்நாட்டில் சினிமாவிலிருந்து முதலமைச்சர்களே வந்திருக்கிறார்கள், ஆடுகளத்திலிருந்து அந்த அளவுக்கு யாரும் வரவில்லை. எனக்குத் தெரிந்து காரணம், சினிமாக்காரர் மேடைக்கு வந்தால் மேடை அவருடையது. ஆட்டக்காரன் வந்தால் சால்வை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியவன். அப்படியே பழக்கிவிட்டோம்.

எங்கள் பழைய கேப்டன் மட்டும் ஒரு முயற்சி செய்து பார்த்தான். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்றான். அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் இரண்டு பக்கமும் தங்கள் ஆள் என்று நினைத்து ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தான். பஞ்சாயத்தில் சண்டை போட்டுப் பழைய களத்துமேட்டைச் சமன்படுத்தி, நாலு கம்பம் நட்டு லைட் போட வைத்தான். ஊர் டீமும் காலனி டீமும் வேறு வேறு நேரத்திலாவது ஒரே களத்தில் பிராக்டிஸ் செய்தது அப்போதுதான். அந்தக் களத்துக்கு யார் பெயரும் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தான், அதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அவன் மேல் வருத்தம். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போய்விட்டது. லைட் ஒன்று எரியவில்லை. மனு எழுதி வைத்திருக்கிறான். யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், "ஆபீசர்கிட்டக் குடுத்தா ஃபண்டு இல்லைங்கறாரு. கட்சிக்காரங்ககிட்டப் போனா நாளைக்கே மாட்டிருவாங்க மாப்ள, ஆனா கம்பத்துல போர்டு வெக்கோணுமாம்" என்கிறான். இப்போதைக்கு மூன்று லைட்டில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.